கப்பி மீன்களுக்குத் தீனியும் தண்ணீரும்

சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளிலிருந்து பாலித்தீன் பையில் வீட்டுக்கு வரும் கப்பி மீன்கள் பத்து நாளுக்குள் செத்து மிதந்தால், அவை பட்டினியால் செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் தொட்டி புதிதாக இருந்திருக்கும். தீனியும் கூடுதலாக விழுந்திருக்கும். மீன் தின்ற தீனியும் தின்னாமல் விட்ட தீனியும் கடைசியில் அம்மோனியாவாகித் தண்ணீரிலேயே தங்குவதால், தீனி போடுவதையும் தண்ணீரைப் பேணுவதையும் நான் ஒரே வேலையாகவே கருதுகிறேன்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்பு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரின் ஸ்பாஞ்சிலும் அடியில் பரப்பிய கற்களிலும் குடியேற ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். ஆகவே, 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட, சுமார் 50 லிட்டர் பிடிக்கும் தொட்டியில் முதலில் நான்கைந்து கப்பிகளை மட்டும் விட்டு, ஒன்றரை மாதம் கழித்து மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் வாங்கிவந்து போட்டால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். இடையில் மீன்கள் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்றைய தீனியை நிறுத்திவிட்டு மூன்றிலொரு பங்குத் தண்ணீரை உடனே மாற்றிவிடுங்கள்.

என் முதல் தொட்டியை ஞாயிறுதோறும் அடியோடு காலி செய்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெளுக்கும்வரை பிழிந்து கழுவிவந்தேன். தொட்டி பளபளவென்று இருந்தது. மீன்கள் மட்டும் செவ்வாய், புதன் வாக்கில் ஒவ்வொன்றாகப் போயின. குழாய்த் தண்ணீரின் குளோரினைக் கொண்டு அந்தப் பாக்டீரியாக்களை நானே வாராவாரம் கொன்றுவந்தது பிறகுதான் விளங்கியது. வாரம் ஒருமுறை, கற்களுக்குள் குழாயைச் செருகிக் கழிவோடு சேர்த்து நான்கிலொரு பங்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, அந்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் துளசிச் செடிக்கு ஊற்றுங்கள்.

புதிதாக ஊற்றும் மெட்ரோ வாட்டரை அகலமான வாளியில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைக்க வேண்டும்; அவசரமென்றால், ஆன்டி குளோரின் என்று விற்கப்படும் சோடியம் தயோசல்பேட் கரைசலைப் புட்டியில் குறித்துள்ள அளவில் சேர்க்கலாம். போர் தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். கப்பிக்கும் மோலி மீனுக்கும் ஓரளவு கடினமான தண்ணீர் ஒத்துப்போகும். சுத்தமானது என்று நம்பி வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் விட்டால்தான், அதில் தாது உப்புகள் இல்லாமையால், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் சோர்ந்து நிற்கும். கோடையில் ஆவியாகிக் குறைந்த அளவை நிரப்புவதோடு நிறுத்தக் கூடாது. உப்புகள் ஆவியாவதில்லை என்பதால், சிறிது பழைய தண்ணீரை எடுத்துவிட்டே நிரப்ப வேண்டும்.

கப்பியின் வாய் மேல்நோக்கி அமைந்தது. மிதக்கும் தீனியைத்தான் அது எளிதில் எடுக்கும். தகடு போன்ற தீனியை இரு விரல்களுக்கிடையே ரவையைவிடச் சிறியதாகக் கசக்கி, காலையும் மாலையும் இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்குத் தூவுங்கள். நீங்கள் அருகில் போனாலே அவை கண்ணாடியோரம் கூடித் துள்ளும். அதைப் பசியென்று நம்பி மறுபடி போடக் கூடாது. வாரம் ஒருநாள் தீனியே வேண்டாம். மற்றொரு நாள் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி ஒன்றை நசுக்கிக் கொடுத்தால் செரிமானம் சீராக இருக்கும்.

கப்பிக் குஞ்சுகளுக்கு, உப்பு நீரில் வாழும் நுண்ணிய இறால் வகையான ஆர்ட்டீமியாவுக்கு இணையான தீனி இல்லை என்பது என் எண்ணம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 25 கிராம் கல் உப்பைக் கரைத்து, கால் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டு, ஏர் பம்பின் குழாயை அடிவரை விட்டு வெளிச்சத்தில் வைத்தால், 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்தால் ஓடுகள் மேலே மிதக்க, ஆரஞ்சு நிறத் துகள்களாகத் துடிக்கும் குஞ்சுகள் அடியில் சேரும். மெல்லிய குழாயால் அவற்றை மட்டும் இழுத்து, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். நேரம் ஆக ஆக அவை தம் உடலிலுள்ள மஞ்சள் கருச் சத்தைத் தாமே செலவழித்துவிடுவதால், பொரிந்த அன்றே கொடுப்பது உத்தமம்.

ஊருக்குப் போகும்போது வளர்ந்த கப்பிகளை நான்கைந்து நாள் தீனியின்றி விட்டுச்செல்லலாம், கேடில்லை. அதற்கு மேல் என்றால், ஒரு வேளைக்கான சிட்டிகைத் தீனியைத் தனித்தனித் தாள் பொட்டலமாக மடித்து, ஒன்றுவிட்டு ஒருநாள் ஒன்று என்று அடுத்த வீட்டாரிடம் கொடுங்கள். மீதி டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.