படித்துறையில் நின்றபடி தவளை லூரில் விரால் பிடிக்க: புதியவர்களுக்கான செய்முறை

புதிதாக லூர் (செயற்கை இரை) வாங்கியவர்கள் படித்துறைக்குப் போனதும் ஏரியின் நடுவைக் குறிவைத்து முழு பலத்தோடு வீசுவார்கள். விராலுக்கு அங்கே வேலையில்லை. அது கரையோரத்திலும் செடி மறைவிலும் நிழலிலும் பதுங்கியிருந்து இரை பிடிக்கும் மீன். படியின் பக்கச்சுவர், மதகு மேடையின் தூண், அல்லி இலைகளுக்கு நடுவே தெரியும் சின்னத் தண்ணீர்த் திட்டு என அது நிற்கும் இடங்களில் பெரும்பாலானவை உங்கள் காலடியிலிருந்து 15 மீட்டருக்குள்தான் இருக்கும். தூரம் போட வராதவர்கூட இங்கே தாராளமாக மீன் எடுக்கலாம்.

தூண்டிலை எடுப்பதற்கு முன் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஏரி, குளங்களில் மீன்பாசிக் குத்தகை ஏலம் போயிருக்கும். குத்தகைதாரர் சம்மதம் இல்லாமல் வீசக் கூடாது. அணைக்கட்டு என்றால் மீன்வளத் துறையிடம் கேட்க வேண்டும். கோயில் தெப்பக்குளம் வேண்டவே வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

ராடு, அதாவது தூண்டில் கோல், 6.5 முதல் 7 அடி நீளம், மீடியம் ஹெவி எனப்படும் சற்று விறைப்பான வகை. இதைவிட மெலிந்த ராடால் செடிக்குள் புகுந்த விராலை வெளியே இழுக்க முடியாது. நூல் சுற்றும் ரீல், 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் போதும். நூல் 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்), 100 மீட்டர். செடி அடர்ந்த இடமானால் 40 பவுண்டு. நைலான் நூல் இந்த வேலைக்குச் சரிவராது: அது இழுபடும், தூண்டில் முள் மீனின் வாயில் ஏறாது.

பிரெய்டை வெறும் ஸ்பூலில் (ரீலின் நூல் உருளை) நேரடியாகச் சுற்றினால் மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் (மீன் பலமாக இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) கெட்டுவிட்டதாகப் பலரும் தப்பாக நினைப்பது இதைத்தான். முதலில் 10, 15 சுற்று நைலான் சுற்றி, அதன் முனையில் பிரெய்டைக் கட்டிச் சுற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள்.

லூர், உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளை. நீளம் 5 செ.மீ. அளவில், எடை 8 முதல் 13 கிராம். இதன் இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலைகளின் மேல் சிக்காமல் ஊர்ந்து வரும். வாங்கும்போது விரலால் முதுகை அழுத்திப் பாருங்கள். லேசான அழுத்தத்திலேயே இரண்டு முனைகளும் வெளியே வர வேண்டும். அழுத்தமான ரப்பராக இருந்தால் மீன் கடிக்கும், முள் மட்டும் ஏறாது. கறுப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று போதும். கலங்கல் தண்ணீருக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் கறுப்பு.

இவற்றோடு நீளமூக்குக் குறடு, லிப் கிரிப் (மீனின் வாயைப் பிடிக்கும் கவ்வி), 1.5 மீட்டருக்குக் குறையாத கைப்பிடியுள்ள வலை, கண்ணில் போடும் கண்ணாடி. கண்ணாடி ஏன் என்பது பின்னால் வருகிறது.

முடிச்சு

பாலோமர் முடிச்சு ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். நூலின் முனையை 15 செ.மீ. அளவுக்கு இரண்டாக மடித்து, அந்த மடிப்பைத் தவளையின் மூக்கு வளையத்துக்குள் நுழையுங்கள். மடித்த நூலாலேயே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். இப்போது மீந்திருக்கும் மடிப்பு வளையத்துக்குள் முழுத் தவளையையும் நுழைத்து, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வில் நூல் பலமிழக்கும். மிச்ச முனையை 4 மி.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டிய துண்டு சட்டைப்பைக்குள் போகட்டும். பிரெய்டு மக்காது, நீர்க்காகத்தின் காலில் சுற்றினால் அது செத்தே போகும்.

எங்கே, எந்த வரிசையில் வீசுவது

விடியற்காலையும் மாலையும் நல்ல நேரம். படியில் இறங்காமல் இரண்டு நிமிடம் மேலேயே நின்று தண்ணீரைப் பாருங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். மேலே வந்து ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கும். அப்போது சின்ன வட்டமும் ஓரிரு குமிழியும் தெரியும். இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வீச்சுகள் கரைக்கு இணையாக, படியின் இரு பக்கமும். அடுத்தது தூண், சுவரின் நிழல். அதற்கப்புறம்தான் எதிரே உள்ள செடித் திட்டு. முதலிலேயே எதிரே வீசினால், பக்கத்தில் நிற்கும் மீனின் தலைக்கு மேல் நூல் போய் அது கலைந்துவிடும். குறி வைத்த இடத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, முடிந்தால் ஓர் இலையின் மேல் தவளையை விழவைத்து, அங்கிருந்து தண்ணீருக்குள் இறக்குங்கள். வீசுமுன் பின்னால் பார்க்க வேண்டும். படித்துறையில் குளிக்கவும் துவைக்கவும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

தவளையை ஓட்டுவது

ராடு முனையைத் தண்ணீரைப் பார்த்துத் தாழ்த்திக்கொள்ளுங்கள். மேட்டில் நின்று முனையை உயர்த்தி இழுத்தால் தவளையின் மூக்கு மேலெழும்பி, முன்னேறுகிறதே தவிர நீந்தாது. மணிக்கட்டால் இரண்டு சிறு சுண்டல், தளர்ந்த நூலை ஹேண்டிலால் சேர்த்தல், இரண்டு விநாடி நிறுத்தம், மறுபடி சுண்டல். இலைகளுக்கிடையே திறந்த தண்ணீர் வரும்போது 5 விநாடிகூட நிறுத்தலாம். மீன் பாய்ந்து கவ்வும் அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

கடைசி 2 மீட்டர்தான் படித்துறையின் நல்ல பகுதி. பின்தொடர்ந்து வந்த விரால் படியின் நிழலில் வந்து அடிக்கும். அவசரமாகத் தூக்கிவிடாமல் அங்கேயும் ஒருமுறை நிறுத்துங்கள்.

சுண்டிச் சுண்டி ஓட்டுவதால் நூல் ஸ்பூலில் தளர்வாக ஏறும். அடுத்த வீச்சில் கொத்தாக வெளியே வந்து சிக்கும். சில வீச்சுக்கு ஒருமுறை நூலை இரு விரலால் அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். வீசியதும் பெயிலை (ரீலில் திறந்து மூடும் கம்பி வளையம்) கையால் மூடுங்கள். தவளை பாதி மூழ்கி ஓடினால் வயிற்றைப் பிழிந்து தண்ணீரை வெளியேற்றுங்கள்.

தவளை செடியில் மாட்டிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்க வேண்டாம். விடுபட்டதும் இரட்டை முள் நேராக முகத்துக்கு வரும். கண்ணாடி இதற்காகத்தான். ராடை நூலுக்கு நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணி சுற்றிய கையால் நூலை இழுங்கள்.

அடி விழுந்ததும்

விழும் அடியின் சத்தத்தில் கை தானாக மேலே போகும். அங்கேதான் மீன் தப்புகிறது. விரால் முதலில் தவளையை அரைவாயாகக் கவ்வி, பிறகுதான் உள்ளே வாங்கும். தவளை மறைந்ததும் ராடை மீன் இருக்கும் திசைக்குத் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றி, எடை கையில் தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள். நூலைக் கையால் இழுத்தால் லேசில் நகராத அளவுக்கு டிராக் இறுக்கமாக இருக்கட்டும். செடிக்குள் ஓடவிட்டால் மீனும் தவளையும் சேர்ந்தே போகும்.

தவறவிட்டால் உடனே அதே இடத்துக்கு மறுபடி வீசுங்கள். பல நேரம் திரும்ப அடிக்கும். அடி விழுந்துகொண்டே இருந்தும் மாட்டவில்லை என்றால் தவளையின் ரப்பர் கால்களைப் பாதியாக வெட்டுங்கள். மீன் காலை மட்டும் கவ்விக்கொண்டிருக்கிறது.

மீனை நூலோடு மேலே தூக்கக் கூடாது. ராடு முனை உடையும், இல்லையென்றால் கல் விளிம்பில் உரசி நூல் அறும். வலையை முன்கூட்டியே தண்ணீரில் ஆழ்த்தி வைத்து, மீனின் தலையை அதற்குள் கொண்டுவாருங்கள். பாசி படிந்த படியில் கால் வைக்காதீர்கள். லிப் கிரிப்பால் வாயைப் பிடித்து, ஈரக்கையால் உடலைத் தாங்கி, குறடால் முள்ளை வந்த வழியே திருப்பி எடுங்கள். 30 செ.மீ.க்குக் குறைந்ததைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

தண்ணீரின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேய்ந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் அடிக்கும் என்பதால் சிலர் தேடிப்போய் வீசுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காவல் போனால் மற்ற மீன்கள் மொத்தக் குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். வேறு பக்கம் நகர்ந்து வீசுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தவளையைப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் அடுத்த முறைக்குள் முள் துருப்பிடித்துவிடும்.