பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

சென்ற வாரம் மண்டபத்திலிருந்து ஒரு தாய் தன் ஏழு வயது மகளுடன் கீழக்கரைக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். பிள்ளைக்கு எனக்கிருக்கும் அதே சீலியாக் நோய்: கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடலுக்கு ஆகாது. “கோதுமை வீட்டுக்குள்ளேயே இல்லை லாத்தா. சோறு, மீன் ஆணம், ரசம் மட்டும்தான். அப்படியும் வயிறு உப்புகிறது” என்றார். மீனை விட்டுவிட்டு, ரசத்தைப் பற்றிக் கேட்டேன்.

பரோட்டாவும் பிஸ்கட்டும் ஆகாது என்பதை மருத்துவரே சொல்லிவிடுவார். அவர் சொல்ல மறப்பவை இங்கே.

பெருங்காயம்

நோய் உறுதியாகி ஒரு வருடம் நான் பத்தியமாக இருந்தும், ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் அளவு இறங்கவில்லை. “ஒளித்து வைத்து கேக் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார் மருத்துவர். அழுகையே வந்துவிட்டது. அன்று மாலை அடுப்படியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துப் படித்தேன். மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவின் பின்புறம், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது: மைதா. அதுவும் கோதுமைதான்.

பெருங்காயம் என்பது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் விளையும் ஒரு செடியின் வேரில் கீறி எடுக்கும் பிசின். அதன் காரம் தாங்காது என்பதால், மாவும் வேறு பிசினும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் மைதாதான். தூளில்தான் கலப்பு, கட்டி சுத்தம் என்று நம்பி நான் கட்டிக்கு மாறினேன். அதிலும் மைதா! இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

“ஒரு சிட்டிகைதானே” என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. இது செரிமானக் கோளாறு இல்லை. குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உறிஞ்சிகளைத் தாக்குகிறது. குளூட்டன் இல்லாதது என்று முத்திரையிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்தச் சிட்டிகையோ சாம்பார்ப் பொடி, அப்பளம், ஊறுகாய், முறுக்கு என்று தினமும் பல வழியில் வருகிறது.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் பூண்டைத் தட்டிப் போடுங்கள்.

மாவு மில்

கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். “முதலில் ஒரு படி அரிசி போட்டு ஓட்டிவிடுகிறேன்” என்று மில்காரர் சொன்னாலும் சரி என்று தலையாட்டாதீர்கள். வீட்டிலேயே அரையுங்கள். சல்லடையும் புதிதாக இருக்கட்டும். மைதா சலித்த பழையதன் கண்ணிகளில் மாவு ஒட்டியிருக்கும்.

கடை மீன் வறுவல்

மீனில் குற்றமில்லை. மசாலாவில் மைதா கலந்திருக்கலாம், பரோட்டா போட்ட கல்லிலேயே வறுத்தும் எடுப்பார்கள். இராமேஸ்வரம் போனால் நான் இட்லியோடு நிறுத்திக்கொள்கிறேன், சாம்பார் இல்லாமல்.

பார்லித் தண்ணீர்

ஆகாது.

சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்துவது

நிறுத்தினால் சோதனையில் நோய் தெரியாமலே போகலாம்.

கிளம்பும்போது, நான் கிண்டிய தொதலில் ஒரு துண்டைப் பிள்ளையிடம் நீட்டினேன். அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி, அவ்வளவுதான். தாய் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “மாவு எங்கே அரைத்தது லாத்தா?”