சராசரி ஆயுள் கூடியதாமே, யாருக்கு? பிரித்துப் பார்ப்பது எப்படி

சராசரி ஆயுள் 2 வருடம் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். வசதியான பாதிப் பேருக்கு 4 வருடம் கூடி, மீதிப் பாதிக்கு ஒரு நாள்கூடக் கூடாமல் இருந்தாலும் சராசரி 2 என்றுதான் காட்டும்.

அதனால் முதல் வேலை, மக்களைப் படிப்பு, வேலை, வருமானம் இவற்றில் ஏதாவது ஒன்றை வைத்துப் பிரிப்பது. என்னைக் கேட்டால் படிப்பில் தொடங்குங்கள். நோய் வந்தால் வேலை போகும், வருமானம் சரியும், அப்புறம் வறுமையால் நோய் வந்ததா நோயால் வறுமை வந்ததா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். படிப்பு பெரும்பாலும் இளவயதிலேயே முடிந்துவிடுவதால் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் வயதைச் சரிக்கட்டாமல், அதாவது ஒரே வயதினரை ஒரே வயதினரோடு வைத்துப் பார்க்காமல், ஒப்பிடாதீர்கள், குறைவாகப் படித்தவர்களில் முதியவர்கள் அதிகம் இருக்கலாம்.

அடுத்து, உச்சியையும் அடியையும் மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் நடுவில் இருக்கும் ஒவ்வொரு படியையும் பாருங்கள். 1967-இல் லண்டனில் அரசு ஊழியர்களான ஆண்களிடம் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு இதற்கு நல்ல பாடம். அங்கே யாரும் பரம ஏழை இல்லை, எல்லோருக்கும் நிலையான வேலை, அரசின் இலவச மருத்துவமும் இருந்தது. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தது உயரதிகாரிகளைப்போல் சுமார் 3 மடங்கு! இடையில் இருந்தவர்களிலும் பதவி இறங்க இறங்க மரணம் ஏறியது. 'அவர்கள் சிகரெட் பிடித்திருப்பார்கள்' என்பீர்கள். பிடித்தார்கள்தான், ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. 1985-இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று தெரிந்தது.

சரி, இடைவெளி குறைகிறதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆயிரம் பேருக்கு அடித்தட்டில் 20, மேல்தட்டில் 10 என்று இருந்த இறப்பு முறையே 10, 4 ஆகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 10-இலிருந்து 6 ஆகக் குறைந்தது, மடங்கோ 2-இலிருந்து 2.5 ஆக ஏறியது. இரண்டுமே உண்மை. அறிக்கையில் ஒன்றை மட்டும் போட்டிருந்தால் மற்றதை நீங்களே கணக்குப் போட்டுவிடுங்கள், ஒரு நிமிட வேலைதான்.