இருபத்தொரு நாள் கணக்கு: புத்தாண்டுக்கு ஒரு நிதானமான வாசிப்புத் திட்டம்

ஜனவரி முதல் தேதி “இந்த வருடம் 50 புத்தகம்” என்று எழுதி வைத்தால், சீனப் புத்தாண்டு விடுமுறை வருவதற்குள் கணக்கு உதைக்கும். 50 என்றால் வாரத்துக்கு ஒன்று. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலே கடன் ஏறிவிடும். அதை அடைக்க மெல்லிய புத்தகமாகத் தேட ஆரம்பிப்போம். ஆசைப்பட்ட 600 பக்க நாவல் அலமாரியிலேயே கிடக்கும்.

இலக்கு வைக்குமுன் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் 15 நிமிடத்துக்கு அலாரம் வைத்து ஒரு தமிழ் நாவலை வாசித்து, எத்தனை பக்கம் போனது என்று குறியுங்கள். மூன்று நாள் செய்து சராசரி எடுங்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலமே வாசித்துப் பழகியவர்களுக்குத் தமிழில் வேகம் குறையும். அது குறையல்ல, பழக்கம். ஆங்கில வேகத்தை வைத்துத் தமிழ்ப் புத்தகத்துக்கு நாள் குறிப்பதுதான் தப்பு. 15 நிமிடத்தில் 7 பக்கம் போகிறவருக்கு 10 பக்கம் வாசிக்க இருபது நிமிடத்துக்குச் சற்று மேலாகும்.

நாளுக்கு 10 பக்கம் என்று வைத்தால் நூலகத்தின் இரவல் தவணையோடு அழகாகப் பொருந்துகிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் புத்தகத்துக்கு 21 நாள் தவணை. 200 பக்க நாவலுக்கு 20 நாள் போதும். ஆனால் எல்லா நாளும் வாசிப்போம் என்று நம்பவேண்டாம். வாரத்துக்கு 5 நாள் என்றால் மூன்று வாரத்தில் 150 பக்கம்தான். மீதிக்குத் தவணையை நீட்டிக்கலாம். வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் முடியாது. அதனால் எல்லாரும் கேட்கும் புதுப் புத்தகம் தடிமனாக இருந்தால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கொஞ்சம் ஆறட்டும்.

வருடத்தில் முழுசாக 17 தவணை வரும். பாதியை, அதாவது 8 புத்தகத்தை, இலக்காக வையுங்கள். மிச்சமெல்லாம் பிள்ளைகளின் தேர்வுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்வருவதற்கும். 400 பக்கத்துக்கு மேற்பட்டதை இரண்டாகவே எண்ணுங்கள். இல்லாவிட்டால் பழையபடி மெல்லிசுக்கே கை போகும்.

ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம் போதும்: வீட்டுக்கு நாவல், பெருவிரைவு ரயிலுக்குச் சிறுகதைத் தொகுப்பு. ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்குப் போகும் நேரத்தில் ஒரு கதை முடிந்துவிடும். காலை நெரிசலில் ஒரு கை கம்பியில் இருக்கும் என்பதையும் யோசித்து, சின்ன அளவுப் புத்தகமாக எடுங்கள். கெட்டி அட்டை சரிப்படாது.

உள்ளூர் எழுத்தைச் சேர்க்க விரும்பினால், அச்சில் இல்லாத பலவும் இணையத்தில் உண்டு. 1965 முதல் வெளியான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களின் மின்தொகுப்பு 2015இல் வந்தது. தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் கிடைக்கும்.

50 பக்கம் தாண்டியும் ஒட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாசித்த பக்கம் கணக்கில் சேரட்டும்.

மார்ச் கடைசியில் ஒருமுறை பாருங்கள். 2 முடிந்திருந்தால் சரியாகப் போகிறது. ஒன்றுகூட முடியவில்லையா, இலக்கை 4 ஆக்குங்கள். விட்டதைப் பிடிக்க நாளுக்கு 20 பக்கம் என்று மட்டும் ஏற்றாதீர்கள்.