பழைய லாரி எஞ்சினுக்கு எந்த ஆயில்?

பழைய டாடா 697, 497, அசோக் லேலண்டின் ஹினோ எஞ்சின் வண்டிகளுக்கு ஆயில் வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "பதினஞ்சு நாப்பதா, இருபது அம்பதா?" "வண்டி பழசு, கெட்டியாவே குடுங்க" என்று வாங்கி வருபவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அது தப்பான தேர்வு. தேய்மானம் கட்டுக்குள் இருக்கும் பழைய எஞ்சினுக்கு 15டபிள்யூ-40 கிரேடில், சிஐ-4 அல்லது சிஐ-4 பிளஸ் தரத்து மினரல் ஆயில் போதும். கெட்டி ஆயிலுக்குப் போவதற்கு முன் எஞ்சினைச் சோதிக்க வேண்டும்.

வாளியில் எழுதியிருப்பது

15டபிள்யூ-40 என்பதில் முன் எண்ணும் பின் எண்ணும் இரண்டு தனிச் சோதனைகள். டபிள்யூ சேர்ந்த முன் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். நாமக்கல், சேலம், தூத்துக்குடி வெயிலில் ஓடும் வண்டிக்கு இந்த வித்தியாசம் கணக்கில் வராது. ஆப்பிள் லோடுக்குக் காஷ்மீர், இமாச்சல் போகும் நேஷனல் பர்மிட் வண்டி என்றால் 15டபிள்யூ கட்டாயம் நல்லது.

நமக்கு முக்கியம் பின் எண். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அதுதான் சொல்கிறது. 40 என்றால் 12.5 சென்டிஸ்டோக்கிலிருந்து (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) 16.3க்குள், 50 என்றால் 16.3லிருந்து 21.9க்குள். 15டபிள்யூ-40ஐ விட 20டபிள்யூ-40 கெட்டி என்று நினைத்து வாங்குகிறார்கள். ஓடும் சூட்டில் இரண்டும் ஒரே கிரேடுதான். கியர் ஆயிலில் இருக்கும் 90 வேறொரு அளவுகோல். அதன் கெட்டித்தன்மை 40, 50 எஞ்சின் ஆயில் அளவிலேயே இருக்கும். பிரஷர் ஏறட்டும் என்று அதை எஞ்சினில் கலக்கவே கூடாது. கியர் பற்களுக்காக அதில் சேர்த்திருக்கும் கந்தக ரசாயனம், கனெக்டிங் ராடின் வெண்கல புஷ்ஷை அரித்துவிடும்.

அடுத்தது ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) தரம். டீசல் எஞ்சின் ஆயிலுக்கு 'சி'யில் தொடங்கும். சிஎஃப்-4 வந்தது 1990இல், சிஹெச்-4 1998இல், சிஐ-4 2002இல், சிகே-4 2016இல். பின்னால் வந்த தரம் முந்தைய எஞ்சின்களுக்கும் பொருந்தும் என்பது பொது விதி. எஃப்ஏ-4 மட்டும் அந்த வரிசையில் சேராது. அது புது எஞ்சின்களுக்காகச் செய்த மெல்லிய ஆயில். பழைய வண்டிப் பக்கம் கொண்டுவர வேண்டாம். எஸ்என், எஸ்பி என்று மட்டும் எழுதியிருப்பது பெட்ரோல் கார் ஆயில். டீசல் கரியைத் தாங்கும் வேலைக்கு அதைச் செய்யவில்லை.

"எங்க வண்டி எண்பத்தெட்டு மாடல், அந்தக் காலத்து சிங்கிள் கிரேடு 40தான் செட் ஆகும்" என்ற பேச்சு இன்னும் பட்டறைகளில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அதிலும் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் சிஐ-4 ஆயில் கரியைத் திரளவிடாமல் தன்னுள் பிரித்து வைத்திருக்கும். பழைய தரத்து ஆயிலில் அந்தக் கரி ராக்கர் கவருக்குள்ளும், பிஸ்டனில் ரிங் உட்காரும் காடியிலும் படிந்துவிடும். டர்போ வண்டிக்கு சிங்கிள் கிரேடு வேண்டவே வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்ச்சேரத் தாமதமாகும்.

சிகே-4 வாங்கலாமா? கெடுதல் இல்லை. அதில் சாம்பல் அளவைக் குறைத்தது பிஎஸ்-6 (புது புகை விதி) வண்டியின் சைலன்சர் ஃபில்டரைக் காப்பாற்ற. உங்கள் வண்டியில் அந்த ஃபில்டரே இல்லை. டிபிஎன் என்னும் அமிலம் முறிக்கும் சக்தி சிஐ-4இல் பொதுவாக 10க்குப் பக்கம். பிஎஸ்-3 காலத்து டீசலில் கந்தகம் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 10 பிபிஎம்தான். அதனால் இன்று பங்கில் அடிக்கும் டீசலுக்கு 10 டிபிஎன் தாராளம். விலை அதிகமான ஆயிலில் போடும் காசை, ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதில் போடுங்கள்.

கெட்டி ஆயில் கேட்கும் முன்

முதலில் ஆயில் பிரஷர். லோடோடு 30, 40 கிலோமீட்டர் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். மேனுவலில் உள்ள எண்தான் கணக்கு. மேனுவல் கிடைக்கவில்லை என்றால், ஸ்லோவில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) ஒரு கிலோவுக்குக் (சதுர சென்டிமீட்டருக்கு) கீழும் ஓட்டத்தில் மூன்று கிலோவுக்குக் கீழும் இறங்கினால் ஆராய வேண்டும். டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல், எஞ்சின் பிளாக்கில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் கெட்டுப்போயிருப்பது சென்சார்தான்.

இரண்டாவது, ஆயில் குறைவதைக் கணக்கிடுவது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் குடிக்கும். குடித்த டீசலில் அரை சதவீதம் வரை ஆயில் குறைந்தால், அதாவது 1.25 லிட்டர் வரை, பழைய எஞ்சினுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டரை லிட்டருக்கு மேல் போனால் எந்த ஆயிலாலும் அதை நிறுத்த முடியாது. நீலப் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வ் கைடு, சீல். ஏற்றத்தில் லோடோடு விடாமல் வந்து, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயிலும் பேக் கம்ப்ரஷன் (ரிங் தாண்டி இறங்கும் புகை) அடித்தால் ரிங், லைனர். அது ஆஃப் எஞ்சின் வேலை, அதாவது எஞ்சினைப் பாதி பிரித்துச் செய்வது. ஆயில் கடையில் தீராது.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஆயிலில் டீசல் கலப்பது. எஞ்சின் ஆயிலிலேயே ஓடும் டீசல் பம்ப் உள்ள வண்டியில், ஃபீட் பம்பின் ஸ்பிண்டில் தேய்ந்தால் டீசல் பம்புக்குள் இறங்கி, அங்கிருந்து எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்கு வந்துவிடும். ஆயில் தண்ணீராகி பிரஷர் விழும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் நின்றாலோ, ஏறினாலோ சந்தேகப்படுங்கள். சூடான ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளை ஃபில்டர் காகிதத்தில் விட்டு, சில மணி நேரம் படுக்கையாக வையுங்கள். நடுவில் கறுப்பும் அதைச் சுற்றிச் சாம்பல் நிறமும் மெல்லப் பரவி மங்கினால் ஆயில் நல்ல நிலையில் இருக்கிறது. கறுப்பு நடுவிலேயே கட்டிநின்று ஓரம் கூர்மையாகத் தெரிந்தால், கரியைத் தாங்கும் சக்தி போய்விட்டது. வெளியே வெளிறிய அகல வளையம் தனியாகத் தெரிந்தால் டீசல் கலந்திருக்கிறது. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. வண்டியை எடுக்கவே கூடாது. வெறும் கறுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டீசல் எஞ்சினில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், பேரிங் தேய்மானத்தால் ஸ்லோவில் பிரஷர் கொஞ்சம் குறைவாக நின்றால், அப்போது 20டபிள்யூ-50 போடலாம், அதுவும் சிஐ-4 தரத்தில். மீட்டர் முள் ஏறுவதால் பேரிங் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆயில் கெட்டியானால் முள் ஏறும், ஓடும் அளவு குறையும். எஞ்சின் வேலையை இரண்டு சீசன் தள்ளிப்போட அது உதவலாம்.

புகையை நிறுத்தும் டப்பா மருந்துகளை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஆயிலைக் கெட்டியாக்கும் பிசின். சூட்டில் அது ரிங் காடியில் ஒட்டும்.

மாற்றும்போது

எஞ்சின் சூடாக இருக்கும்போதே டிரெய்ன் பிளக்கைத் திறந்து, அரை மணி நேரம் வடிய விடுங்கள். சம்ப்பில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி எஞ்சினை ஓட்டிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பேரிங்கில் ஆயில் படலமே இல்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசும். டிரெய்ன் பிளக்கின் செம்பு வாஷர் நசுங்கியிருந்தால் புதிதாகப் போடுங்கள். பழைய ரப்பர் ரிங் ஃபில்டர் இருக்கையில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புது ரிங் உட்கார்ந்தால் பிரஷரில் பிதுங்கி, நடுவழியில் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். ஃபில்டர் நிமிர்ந்து நிற்கும் அமைப்பானால், ஆயில் நிரப்பி மாட்டுங்கள்.

சிங்கிள் கிரேடிலிருந்து சிஐ-4க்கு மாறினால் பழைய படிவம் கரைந்து ஃபில்டரில் சேரும். முதல் முறை மட்டும் வழக்கமான இடைவெளியில் பாதி ஓடியதுமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அதன் பிறகு மேனுவல் சொல்லும் இடைவெளி. டிப்பர் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எஞ்சின் வேலை முடிந்து வந்த வண்டிக்கு மினரல் 15டபிள்யூ-40 ஊற்றி, 1,500 முதல் 2,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும். ரிங் படிவதற்குள் சிந்தெடிக் போட்டால், ஆயில் குடிக்கும் பழக்கம் எஞ்சினை விட்டுப் போகாது.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், பின் சீல் வழியாகக் கசியும். ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள வண்டியில் அதன் கிண்ணத்தையும் கழுவி, கோடு வரை மட்டும் புது எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். அதிகமானால் எஞ்சின் அதை இழுத்து எரிக்கும்.

சர்வோ, மேக், காஸ்ட்ரால், கல்ஃப் எதுவானாலும் கிரேடும் தரமும் ஒத்திருந்தால் போதும். போலி ஆயில்தான் உண்மையான ஆபத்து. லூஸ் ஆயில் வாங்காதீர்கள். மூடி சீல் உடையாமலும், தயாரிப்பு எண்ணும் தேதியும் அழியாமலும் இருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். காலி வாளியை விற்பதற்கு முன் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டு, மூடியையும் வெட்டிவிடுங்கள். வடித்த ஆயிலை அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டும் கொடுங்கள்.