சனிக்கிழமை ரூலை ஞாயித்துக்கிழமை மேட்ச்ல தேடாதீங்க

அமெரிக்கன் ஃபுட்பால் புதுசா பாக்குறவங்களுக்கு முதல்ல சொல்லித் தர்ற கணக்கு இதுதான்: பந்தோட என்ட் ஸோனுக்குள்ள (எதிராளியோட கோட்டுக்குப் பின்னாடி இருக்கிற பகுதி) போற டச்டவுனுக்கு 6, பந்தை உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்புற ஃபீல்ட் கோலுக்கு 3, பந்து வச்சிருக்கிறவனை அவனோட சொந்த என்ட் ஸோன்லயே மடக்குற சேஃப்டிக்கு 2, டச்டவுனுக்கு அப்புறம் பந்தை உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா 1 (இதுதான் எக்ஸ்ட்ரா பாயிண்ட்), ஓடியோ பாஸ் பிடிச்சோ மறுபடியும் உள்ள போனா 2. சனிக்கிழமை காலேஜ் மேட்ச்சா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை என்எஃப்எல் (தொழில்முறை லீக்) மேட்ச்சா இருந்தாலும் இது மாறாது, அதனாலயே ரெண்டுக்கும் ஒரே ரூல்னு முடிவு பண்ணிடுறோம், அதுதான் முதல் தப்பு. பாயிண்ட் ஒண்ணுதான், ஆனா அது எப்ப செல்லும் எப்ப செல்லாதுங்கிறது ரெண்டு இடத்துலயும் வேற வேற.

முழங்கால் விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா வீட்ல டிவி முன்னாடி அதிகமா சண்டை வர்றது இதுலதான். காலேஜ்ல பந்து வச்சிருக்கிறவனோட முழங்கால் தரையில பட்டாச்சுன்னா அந்த ப்ளே அங்கயே முடிஞ்சுது, அவனை யாரும் தொட்டிருக்கணும்னு அவசியம் இல்ல, தானா வழுக்கி விழுந்தாலும் அதே கதைதான் (கிக்கருக்கு பந்தைப் பிடிச்சு நிறுத்துறவருக்கு மட்டும் விலக்கு உண்டு). என்எஃப்எல்ல எதிர் டீம் ஆள் தொட்டிருக்கணும், தொடலைன்னா எந்திரிச்சு ஓடி டச்டவுனே போடலாம்.

இதோட பலம் தெரியணும்னா 2018 நவம்பர்ல நடந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம், எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) காலேஜ் மேட்ச்சைப் பாக்கணும். கடைசி நிமிஷத்துல எல்எஸ்யூ ஒரு டச்டவுன் முன்னால இருக்காங்க, டெக்சாஸ் ஏ அண்ட் எம் குவார்ட்டர்பேக் (பாஸ் போடுறவர்) போட்ட பாஸை எல்எஸ்யூ பிடிச்சுட்டாங்க, மேட்ச் முடிஞ்சுதுன்னு கோச் தலையில கேட்டரேட் பானம் கூட ஊத்திட்டாங்க. அப்புறம் ரீப்ளே பாத்தா கீழ வந்த பந்தை எடுக்கும்போதே குவார்ட்டர்பேக் முழங்கால் தரையில பட்டிருக்கு, யாரும் அவரைத் தொடல, ஆனா காலேஜ் ரூல்படி அங்கயே ப்ளே முடிஞ்சுபோச்சு, அந்த பாஸே செல்லாது. அதுக்கப்புறம் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கடைசி வினாடில டச்டவுன் போட்டு 31-31 ஆக்கி, 7 ஓவர்டைம் (சமமா இருந்தா ஆடுற கூடுதல் ஆட்டம்) போய் 74-72ன்னு ஜெயிச்சாங்க. என்எஃப்எல் ரூலா இருந்திருந்தா அந்த பாஸோடயே எல்எஸ்யூ ஜெயிச்சிருக்கும்.

பாஸ் பிடிக்கிற ரிசீவரோட கால் விஷயமும் இதே மாதிரிதான். காலேஜ்ல பந்தைப் பிடிக்கும்போது ஒரு கால் கோட்டுக்கு உள்ள பட்டா போதும், என்எஃப்எல்ல ரெண்டு காலும் படணும். என்ட் ஸோன் மூலையில ஒத்தக் கால்ல பிடிச்ச பந்துக்கு சனிக்கிழமை 6 பாயிண்ட், ஞாயித்துக்கிழமை ஒண்ணும் கிடையாது, இதுக்கு ரெஃப்ரீயை திட்டாதீங்க.

அடுத்த தப்பு, எக்ஸ்ட்ரா பாயிண்ட்டை நிச்சயமான ஒரு பாயிண்ட்டுனு நெனச்சு எந்திரிச்சு டீ போடப் போறது. காலேஜ்ல 3 யார்டு கோட்டுல இருந்து ஸ்னாப் (ப்ளே ஆரம்பிக்க பந்தைப் பின்னாடி குடுக்கிறது), பந்து உதைபடுறது கிட்டத்தட்ட 20 யார்டு தூரத்துல. என்எஃப்எல்லயும் ரொம்ப வருஷம் அதே கிட்ட தூரம்தான் இருந்துச்சு, 2015ல அதை 15 யார்டு கோட்டுக்குத் தள்ளிட்டாங்க, இப்ப 33 யார்டு உதைக்கணும். ரெண்டு பாயிண்ட் முயற்சின்னா மட்டும் என்எஃப்எல்ல 2 யார்டு கோட்டுல வச்சு ஆடலாம்.

அதே 2015ல வந்த இன்னொரு மாற்றத்தை நிறைய பேர் கவனிக்கவே இல்ல. எக்ஸ்ட்ரா பாயிண்ட்டைத் தடுத்த டிஃபென்ஸ் அந்த பந்தை எடுத்துட்டு மறுமுனை வரைக்கும் ஓடினா அவங்களுக்கு 2 பாயிண்ட். காலேஜ்ல இது 1988ல இருந்தே உண்டு, என்எஃப்எல்ல அதுக்கு முன்னாடி தடுத்த உடனே ப்ளே செத்துடும். 2016 நவம்பர்ல நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் கடைசில டச்டவுன் போட்டு 23-23 ஆக்கினாங்க, ஒரே ஒரு உதைதான் பாக்கி, டென்வர் ப்ராங்கோஸ் அதைத் தடுத்து எடுத்துட்டு ஓடி 25-23ன்னு ஜெயிச்சாங்க. பழைய ரூல்ல தடுத்த உடனே 23-23ன்னு சமமாத்தான் நின்னிருக்கும்.

ஓவர்டைம்தான் எல்லாத்தையும் விட பெரிய குழப்பம். காலேஜ்ல கிக்ஆஃப் (பந்தை எதிராளிகிட்ட உதைச்சு ஆரம்பிக்கிறது) கிடையாது, கடிகாரமும் ஓடாது, ஒவ்வொரு டீமுக்கும் எதிராளியோட 25 யார்டு கோட்டுல பந்தைக் குடுத்து ஆடச் சொல்வாங்க. ரெண்டாவது ஓவர்டைம்ல டச்டவுன் போட்டா உதைக்க முடியாது, ரெண்டு பாயிண்ட்டுக்குத்தான் போகணும். மூணாவதுல இருந்து அதுவும் இல்ல, மாத்தி மாத்தி ரெண்டு பாயிண்ட் முயற்சி மட்டும்தான். இந்த ரூல் 2021ல வந்தது, அதே வருஷம் இல்லினாய், பென் ஸ்டேட்டை 9 ஓவர்டைம்ல 20-18ன்னு தோக்கடிச்சாங்க. 7 ஓவர்டைம்ல 74 வந்த 2018 மேட்ச்சையும் 9 ஓவர்டைம்ல வெறும் 20 வந்த இதையும் பக்கத்துல வச்சு "இவங்களுக்கு ஆடத் தெரியல"ன்னு சொல்றது ரொம்ப அநியாயம், ரெண்டும் வேற வேற ஆட்டம்.

என்எஃப்எல்ல கிக்ஆஃப் உண்டு, கடிகாரமும் உண்டு. முதல்ல டச்டவுன் போட்டவங்க அப்படியே ஜெயிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு இன்னும் நிறைய பேர் மனசுல இருக்கு, அது பழைய ரூல். 2022ல ப்ளேஆஃபுக்கும் 2025ல சாதாரண சீசன் மேட்ச்சுக்கும் மாத்தி ரெண்டு டீமுக்கும் பந்து கிடைக்கிற மாதிரி பண்ணிட்டாங்க. 2024 பிப்ரவரி சூப்பர் பவுல்ல (என்எஃப்எல் ஃபைனல்) சான் ஃப்ரான்சிஸ்கோ 49ஈயர்ஸ் டாஸ் ஜெயிச்சு முதல்ல பந்து வாங்கி ஃபீல்ட் கோல் அடிச்சு தோத்தாங்க, மேட்ச் முடிஞ்ச அப்புறம் அவங்க வீரர்கள் சிலரே ப்ளேஆஃப் ஓவர்டைம் ரூல் மாறினது தெரியாதுன்னு சொன்னாங்க, அப்ப நமக்குக் குழம்புறது ஆச்சரியமே இல்ல. அந்த ஸ்கோரையும் பாருங்க, 19-19, அப்புறம் 22-19, கடைசில கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு 25-22. ஓவர்டைம்ல ஜெயிக்கிற டச்டவுன் போட்டாச்சுன்னா எக்ஸ்ட்ரா பாயிண்ட் உதைக்க மாட்டாங்க, அதனாலதான் 26 ஆகல.

காலேஜ்ல டை கிடையாது, முடிவு தெரியுற வரைக்கும் ஆடுவாங்க. என்எஃப்எல் சாதாரண சீசன்ல 10 நிமிஷம் ஓவர்டைம் முடிஞ்சும் சமமா இருந்தா டை தான், 2025 செப்டம்பர்ல க்ரீன் பே பேக்கர்ஸும் டாலஸ் கவ்பாய்ஸும் 40-40ன்னு முடிச்சாங்க.

ஃபீல்ட் கோல் மிஸ் ஆனாலும் வித்தியாசம் இருக்கு. காலேஜ்ல ஸ்னாப் பண்ண இடத்துல இருந்து எதிர் டீம் ஆடும், என்எஃப்எல்ல கிக்கர் உதைச்ச இடத்துல இருந்து, அதாவது எதிர் டீமுக்கு ஏழெட்டு யார்டு லாபம், அதனால தூரமா இருந்து உதைக்க என்எஃப்எல் கோச் கொஞ்சம் கூடுதலா யோசிப்பார்.

கடைசியா ஒண்ணு, இதைப் பாத்தா ரெஃப்ரீ தப்பு பண்ணிட்டாரோன்னு தோணும். 2024 டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் கிக்கர் கேமரன் டிக்கர், டிஃபென்ஸ் யாரும் பாய்ஞ்சு வராம நிம்மதியா 57 யார்டுல ஒரு ஃபீல்ட் கோல் அடிச்சார். எதிர் டீம் தூரமா உதைச்சு விட்ட பந்தை (பன்ட்), ஓட மாட்டேன்னு கையைக் காட்டிட்டு ஃபேர் கேட்ச்சா பிடிச்ச டீம் அதே இடத்துல இருந்து இப்படி உதைக்கலாம்னு என்எஃப்எல்ல ரூல் இருக்கு, 1976க்கு அப்புறம் அப்பதான் ஒருத்தர் அதுல 3 பாயிண்ட் எடுத்தார். காலேஜ்ல இந்த ரூலே கிடையாது, அதனால சனிக்கிழமை மேட்ச்ல ஹாஃப் முடியுற நேரத்துல ஃபேர் கேட்ச் வந்தா "ஏன் உதைக்கல"ன்னு கோச்சைக் கேக்காதீங்க.