வேர்க்கடலையைப் புரதக் கணக்கில் எழுதாதீர்கள்

போன வாரம் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, தன் ஒருநாள் சாப்பாட்டை நோட்டில் எழுதி எடுத்துவந்து காட்டினார். காலையில் ஊறவைத்த பாதாம், பதினொரு மணிக்கு வறுத்த கடலை, சாயங்காலம் பீநட் பட்டர் தடவிய ரொட்டி, ராத்திரி பன்னீர். எல்லாவற்றுக்கும் நேரே ‘புரோட்டீன்’ என்று எழுதியிருந்தார். பயிற்சிக்குப் போன முதல் வருடம் நான் எழுதிய நோட்டும் இப்படியேதான் இருந்தது. பஜ்ஜி, பரோட்டா, குளிர்பானம் பற்றி இங்கே பேசவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. நல்ல சாப்பாடு என்று நம்பிப் புரதக் கணக்கில் செய்கிற தவறுகள்தான் இங்கே.

கொட்டை வகைகளைப் புரதம் என்று நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். 100 கிராம் வேர்க்கடலையில் புரதம் சுமார் 25 கிராம் இருக்கிறது, உண்மை. கூடவே கொழுப்பு கிட்டத்தட்ட 49 கிராம். பாதாமில் புரதம் 21, கொழுப்பு 50. ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. பெருக்கிப் பாருங்கள்: கடலையின் கலோரியில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பு. செக்கில் போட்டு ஆட்டினால் எண்ணெயாக ஓடுகிற பொருள் அது. நம் ஊரில் பிறந்து வளர்ந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்ன அளவு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். எடை தூக்குகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அந்தக் கூடுதலைக் கடலையிலேயே எடுத்துவிடலாம் என்று தினமும் 120 கிராம் தின்றேன். 30 கிராம் புரதம் வந்தது. அதோடு 59 கிராம் கொழுப்பு, மொத்தம் 680 கலோரி. சோற்றிலும் எண்ணெயிலும் ஒரு துளி குறைக்கவில்லை. நான்கு மாதத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் பெருத்தது, தூக்கும் எடை அங்கேயே நின்றது. உழைப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கைப்பிடி கடலை சேர்த்தேன். அந்த மாதங்கள் திரும்பி வராது.

அதே 30 கிராம் புரதத்துக்கு 60 கிராம் உலர்ந்த மீல் மேக்கர் போதும், ஏறக்குறைய 200 கலோரிதான். கறி சாப்பிடுகிறவர்களுக்குத் தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி இன்னும் லேசு.

கடலையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி, 30 கிராம், கொழுப்புக் கணக்கில் எழுதுங்கள். அதில் சுமார் 15 கிராம் கொழுப்பு. அன்றைக்குச் சமையலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தால் சரியாகிவிடும். பன்னீரிலும் புரதத்தைவிடக் கொழுப்பு ஒரு படி மேலேதான் இருக்கும், பாதி புரதம், பாதி கொழுப்பு என்று கணக்கெடுங்கள்.

எண்ணெயை எழுதாமல் விடுவது

தினமும் அளக்க வேண்டாம், மளிகை லிஸ்டைப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் போனால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 23 கிராம். சட்னித் தேங்காய் அதற்கு மேல்.

மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுவது

முழு முட்டையில் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. அந்தப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சளில் இருக்கிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். தட்டு நிறையக் கடலை தின்றுவிட்டு மஞ்சள் கருவுக்குப் பயந்தவன் நான். கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பது

ஒரு ஆளுக்கு வருவது 20 கிராம் பருப்பு, 4 கிராம் புரதம். கெட்டியாகக் கடைந்து சாப்பிடுங்கள்.

பவுடர்

புரோட்டீன் பவுடர் எல்லாம் சாப்பாட்டுக் கணக்கு சரியான பிறகு.

சிறுநீரகக் கோளாறு

இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள்.